டிரினிடாடில் லோப்பினோ மலைக்கிராமத்தைப் பார்ப்பது எப்படி? கொக்கோ மரத்திலிருந்து தொடங்குங்கள்

பியார்கோ விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வடக்கே பாருங்கள். பச்சைச் சுவர் மாதிரி ஒரு மலைவரிசை நிற்கும். கரீபியன் தீவான டிரினிடாடுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு மராக்காஸ் கடற்கரைக்கோ பக்கத்துத் தீவான டொபேகோவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அந்த மலைவரிசையின் மடிப்பு ஒன்றுக்குள் லோப்பினோ என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஒரு ஆறு, பழைய தோட்டத்து வீடு ஒன்று, சுற்றிலும் சரிவெல்லாம் கொக்கோவும் காடும்.

அங்கே போகிறவர்களும் பெரும்பாலும் தோட்டத்து வீட்டுப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன், ஒன்றும் புரியாமல் திரும்பினேன். அடுத்த தடவை கிராமத்துக்காரர் ஒருவரோடு நடந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்த ஊரைப் புரிந்துகொள்ள கொக்கோ மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காடு ஏன் இப்படி இருக்கிறது, இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், ஆங்கிலம் பேசும் தீவில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏன் ஸ்பானிஷில் பாடுகிறார்கள் என்று எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலும் அது கொக்கோ மரத்தடியில்தான் கொண்டுபோய் விடும்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், ஜனவரி முதல் மே வரை வெயில் காலம். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியில் போய் ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை இருங்கள் என்பேன். மழை குறைந்திருக்கும், கொக்கோ அறுவடை நடந்துகொண்டிருக்கும், பராங் என்ற கிறிஸ்துமஸ் பாட்டு இன்னும் ஓய்ந்திருக்காது, நிழல் மரங்கள் பூக்கத் தொடங்கியிருக்கும். கார்னிவல் திருவிழா சமயத்தில் மலைக்கு நேரம் ஒதுக்குகிறேன் என்று நினைக்காதீர்கள், மனசு முழுக்க நகரத்தில்தான் இருக்கும்.

போகும் வழி சுலபம். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சிட்டி கேட் நிலையத்திலிருந்து அரிமா பக்கம் போகும் சிவப்புப் பட்டை போட்ட மாக்சி டாக்சியில் ஏறி அரூக்காவில் இறங்குங்கள். மாக்சி என்பது நம்மூர் வேன் மாதிரிதான். அங்கிருந்து மலைக்கு ஏறும் லோப்பினோ சாலையில் ஷேர் டாக்சி கிடைக்கும். வாடகை வண்டிகளின் நம்பர் பிளேட் எச் எழுத்தில் தொடங்கும், அதைப் பார்த்து ஏறுங்கள். சொந்தமாக ஓட்டினால் நம்மைப் போலவே இடது பக்கம்தான், ஆனால் சாலை குறுகல், வளைவுகள் கண்ணை மறைக்கும், மழைக்காலத்தில் மண் சரிந்து கிடக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கையில் உள்ளூர் டாலர் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போதே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ராணுவச் சீருடை மாதிரி பச்சையும் பழுப்பும் கலந்த துணி அந்த நாட்டில் சட்டப்படி தடை. பேன்ட், தொப்பி, பை எதுவாக இருந்தாலும் சரி, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. டிரினிடாடிலிருந்து இந்தியா திரும்பும்போது அதற்கான சான்று கேட்பார்கள், போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அது செல்லும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே போட்டு, சான்றைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை, வாய் திறந்து வணக்கம் சொல்வது. டிரினிடாடில் கடைக்குள் போனாலும், டாக்சியில் ஏறினாலும், வழியில் யாரைக் கடந்தாலும் 'குட் மார்னிங்', 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. இருட்டிய பிறகு 'குட் நைட்' என்பார்கள். நம்மிடம் அது விடைபெறும் வார்த்தை, அங்கே அதுதான் வந்து நிற்கும்போது சொல்கிற வார்த்தை. முதல் நாள் ஒரு பாட்டி வாசலில் நின்று எனக்கு 'குட் நைட்' சொன்னபோது, நம்மைப் போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் நகர்ந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து உட்காரச் சொன்னார். இந்த ஒரு வழக்கம் பழகிவிட்டால் பாதி ஊர் உங்களுக்குத் திறந்துவிடும்.

அடுத்து, துணைக்கு ஒரு உள்ளூர் ஆளைப் பிடியுங்கள். தோட்டத்து வீட்டருகே கேட்டாலே சொல்வார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். காட்டுப் பாதையில் தனியாகப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வழி தவறும், ஆறு திடீரென்று பெருகும், அந்த நாட்டில் திருட்டு பயமும் உண்டு.

சரி, இப்போது தோட்டத்து வீடு. இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஆனால் அதைக் கட்டியவருடைய கதையோடு நிறுத்திவிடக் கூடாது. ஷார்ல் ஜோசப் லோப்பினோ என்ற பிரெஞ்சுப் பிரபு இன்றைய ஹெய்ட்டியில், அப்போதைய சான் டொமிங்கில், தோட்டம் வைத்திருந்தவர். 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், இவர் ஜமைக்காவுக்கு ஓடி, 1800இல் டிரினிடாட் வந்து சேர்ந்தார். சமவெளியில் கரும்புத் தொழில் கைகொடுக்கவில்லை. 1806 வாக்கில் அடிமைகள் சுமார் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்து கொக்கோத் தோட்டம் போட்டார், பெயர் லா ரெகோனெசான்ஸ். 1819இல் இறந்தார், இங்கேயே புதைத்தார்கள். புயல் இரவுகளில் வெள்ளைக் குதிரையில் அவர் பாய்ந்து போவதாக ஊரில் ஒரு கதை உண்டு. வருகிற எல்லோருக்கும் அந்தப் பேய்க் கதைதான் முதலில் கிடைக்கும். கேளுங்கள், ரசியுங்கள், அப்புறம் அந்த நூறு பேரைப் பற்றிக் கேளுங்கள். காட்டை வெட்டியதும், பாதை போட்டதும், மரம் நட்டதும் அவர்கள் கை. அவர்கள் பெயரில் ஊர் இல்லை. 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தும், 'பயிற்சித் தொழிலாளி' என்று பேர் மாற்றி 1838 வரை அதே ஆட்களை அதே வேலையில் பிடித்து வைத்திருந்தார்கள். வீட்டுச் சுவரைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணில் புல்லைக் கலந்து, மரச்சட்டத்தின் மேல் கையால் அப்பிக் கட்டும் முறை இந்தத் தீவில் உண்டு, 'டாப்பியா' என்பார்கள். நம் மண்சுவர் பார்த்த கண்ணுக்கு அது உடனே பழகிவிடும்.

வீட்டைப் பார்த்து முடித்ததும் கொக்கோ மரத்துக்குப் போங்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம்: காய் கிளை நுனியில் இல்லாமல், நம் பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். பூவும் அப்படித்தான், விரல் நகத்தளவு சின்னது, பட்டையிலிருந்தே முளைக்கும். மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என்று பல நிறத்தில் காய். வழிகாட்டி ஒன்றைப் பறித்து உடைத்துக் கொடுப்பார். உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள் சோளக்கதிர் போல அடுக்கியிருக்கும். ஒன்றை வாயில் போட்டு உறிஞ்சுங்கள், சீதாப்பழமும் எலுமிச்சையும் சேர்ந்தாற்போல் ஒரு புளிப்பு இனிப்பு. கடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஊதா நிற விதை படு கசப்பு. சாக்லேட் வாசனை துளிகூட இருக்காது. அந்த வாசனை வர வேண்டுமானால் விதையை மரப்பெட்டியில் போட்டு வாழையிலையால் மூடி ஆறு, ஏழு நாள் புளிக்க வைக்க வேண்டும், பெட்டிக்குள் கையை விட்டால் சுடும். பிறகு கூரை தண்டவாளத்தில் நகரும் 'கொக்கோ வீட்டின்' மேல்தளத்தில் காய வைப்பார்கள். மழை வந்தால் கூரையைத் தள்ளி மூடிவிடலாம், வெயில் வந்தால் திறக்கலாம். காய்ந்த விதையின் மேல் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் வட்டமாக மிதித்துப் பளபளப்பாக்குவதற்குப் பெயர் 'கொக்கோ நடனம்'. பெயர் அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன், நாள் முழுக்க மிதித்த கால் எப்படி வலிக்கும் என்று பெரியவர் ஒருவர் சொன்ன பிறகு அந்தப் பெயரை வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது.

இந்த மரத்துக்கே ஒரு வரலாறு உண்டு, வழிகாட்டியிடம் தவறாமல் கேளுங்கள். 1727இல் தீவின் கொக்கோ மரங்கள் பெரும்பாலும் பட்டுப்போயின. அப்போது இருந்தது கிரியோலோ என்ற மென்மையான வகை. சில பத்தாண்டுகள் கழித்து வெனிசுவேலாப் பக்கமிருந்து முரட்டு வகையான ஃபொராஸ்டெரோவைக் கொண்டுவந்து நட்டார்கள், அது பிழைத்துக் கிடந்த பழைய மரங்களோடு தானாகவே கலந்தது. அந்தக் கலப்புக்குத்தான் டிரினிடாரியோ என்று இன்று உலகமெங்கும் பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1920 வரை இந்தத் தீவுக்குக் கொக்கோதான் பொற்காலம். பிறகு விலை விழுந்தது, 1928இல் 'விட்சஸ் புரூம்' என்ற பூஞ்சை நோய் வந்து கிளைகளைத் துடைப்பம் மாதிரி ஆக்கியது, தோட்டங்கள் காடாகிப் போயின. மலையில் நீங்கள் காடு என்று நினைத்து நடக்கும் இடத்தில் பாதி, கைவிடப்பட்ட கொக்கோத் தோட்டம்தான். உற்றுப் பார்த்தால் வரிசை தெரியும்.

அண்ணாந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கொக்கோவுக்கு நிழல் வேண்டும், அதற்காக இம்மோர்டெல் என்ற உயர்ந்த மரத்தை நட்டார்கள், ஸ்பானிஷில் அதற்குக் 'கொக்கோவின் தாய்' என்று பேர். ஜனவரி, பிப்ரவரியில் இலையெல்லாம் உதிர்ந்து, மலைச்சரிவு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் எங்கேயோ பார்த்தது போலிருக்கும். நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம் அது, ஒரே பேரினம்.

அந்த இம்மோர்டெல் கிளைகளில் பை பையாகத் தொங்குவது கார்ன்பேர்ட் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பறவையின் கூடு. தூக்கணாங்குருவிக் கூட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டது போலிருக்கும். கறுப்பு உடம்பு, மஞ்சள் வால். ஆண் பறவை கிளையைப் பிடித்தபடி தலைகீழாகக் குனிந்து, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். காலை ஆறரைக்கு மரத்தடியில் நின்றால் போதும், தொலைநோக்கி கூடத் தேவையில்லை. மேலே காட்டுக்குள் போனால், இரும்பில் சுத்தியலால் அடிப்பது போல 'டொக், டொக்' என்று கேட்கும். அது தாடி மணிப்பறவை. சத்தம் கேட்கும், ஆளைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். பறவையே உங்கள் முதல் விருப்பம் என்றால் அடுத்த பள்ளத்தாக்குகளில் ஒன்றான அரிமாவில் ஆசா ரைட் இயற்கை மையம் இருக்கிறது. குகையில் கூட்டமாக வாழ்ந்து இரவில் பழம் தின்னும் எண்ணெய்ப் பறவை அங்கே உண்டு. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லோப்பினோவிலும் குகைகள் உண்டு, வௌவால் குகைகள். வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், வௌவாலைத் தொடவே கூடாது. ரத்தம் குடிக்கும் வௌவால் வெறிநோயைப் பரப்புகிறது என்பதை 1930களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவரே ஜோசப் பவான் என்ற டிரினிடாட் மருத்துவர்தான். பாதையில் 'மாப்பிப்பீ' என்று யாராவது சத்தம் போட்டால் அப்படியே நில்லுங்கள், கொடிய விரியன் இனப் பாம்பு அது. ஆனால் உண்மையில் உங்களைப் படுத்தப் போவது பாம்பு இல்லை, புல்லில் இருக்கும் 'பெட் ரூஜ்' என்ற கண்ணுக்குத் தெரியாத சிவப்பு உண்ணிதான். அழகான புல்வெளி என்று வெறுங்காலோடு உட்கார்ந்தால் ஒரு வாரம் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். விரிப்பு போட்டு உட்காருங்கள், முழுக்கால் பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள்.

மக்களைப் பற்றி இப்போது. இந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் தங்களை 'கொக்கோ பான்யோல்' வழி என்பார்கள். வெனிசுவேலாவிலிருந்து வந்த, ஸ்பானிஷ், ஆப்பிரிக்க, பூர்வகுடி ரத்தம் கலந்த மலை உழவர்கள். முதலாளியின் காட்டை வெட்டி, கொக்கோ நட்டு, இடையில் தங்களுக்கு வேண்டிய கிழங்கும் சோளமும் போட்டுக்கொண்டு, சில வருஷம் கழித்து மரம் காய்க்கும்போது மரத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, தோட்டத்தை ஒப்படைத்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். ஸ்பானிஷ் இந்த மலைக்கு வந்து தங்கியது இப்படித்தான்.

அவர்களில் பலர் இந்த ஊருக்கே குடிவந்தது 1940களில். பக்கத்துப் பள்ளத்தாக்கான காவுராவில் அணை கட்டப்போகிறோம் என்று சொல்லி அரசாங்கம் ஒரு ஊரையே காலி செய்தது. ஜனங்கள் சாமான் தூக்கிக்கொண்டு லோப்பினோவுக்கு வந்தார்கள். அணை கட்டவே இல்லை. வயதானவர்களிடம் காவுரா என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். அவசரப்படுத்தாமல், செல்போனை நீட்டாமல் கேளுங்கள். பிறகு ஒரு நாள் ஒதுக்கி காவுராவுக்கும் போய்வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி வாத்துக் கறி சமைப்பார்கள், அதற்கு 'ரிவர் லைம்' என்று பேர். லைம் என்றால் சும்மா கூடி உட்கார்ந்து பேசிச் சாப்பிடுவது. மேலே மலையில் மேகம் கறுத்தால் மட்டும், இங்கே வெயில் அடித்தாலும், ஆற்றை விட்டு ஏறிவிடுங்கள்.

வாத்துக்கு மசாலா எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 1845 மே 30 அன்று கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை சுமார் 1,44,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதி வட இந்தியர், ஒரு பகுதி மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறிய தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்து கொக்கோ நிலத்துக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. நம் மொழி அங்கே பேச்சில் நிற்கவில்லை. 'மதராசி' என்ற சொல் மட்டும் நிற்கிறது, காளி பூஜையைச் சொல்லும்போது காதில் விழும்.

சாப்பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெயர்கள் குழப்பும். 'ஃபிக்' என்றால் அங்கே அத்தி இல்லை, வாழை. 'டஷீன் புஷ்' சேம்பு இலை, அதை வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கடைந்தால் கலலூ. சைவக்காரர்கள் நண்டு போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸ் சமயம் கிடைக்கும் 'பிஜன் பீஸ்' நம் பச்சைத் துவரை, 'சாரல்' என்று தரும் சிவப்புப் பானம் புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த புல்லி இதழில் ஊறவைத்தது. சடோ பெனி என்று ஒரு கீரை, கொத்தமல்லி வாசனை நாலு மடங்கு தூக்கலாக இருக்கும். பாஸ்டெல் என்பது மக்காச்சோள மாவுக்குள் கறிப் பூரணம் வைத்து வாழையிலையில் மடித்து வேக வைத்தது. இதெல்லாம் எப்படியும் கிடைத்துவிடும். கொக்கோ டீயை மட்டும் தேடிப் போய் குடியுங்கள். வறுத்த விதையை அரைத்து, பட்டை, ஜாதிக்காய் சேர்த்து உருட்டி வைத்திருப்பார்கள். அந்த உருண்டையைத் துருவிக் கொதிக்க வைத்து, பிரிஞ்சி இலை போட்டு, பால் ஊற்றித் தருவார்கள். மேலே எண்ணெய் மினுமினு என்று மிதக்கும். அதை வடித்துத் தரச் சொல்லாதீர்கள், அந்த எண்ணெய்தான் நல்ல கொக்கோவுக்கு அடையாளம். ஊரிலேயே செய்த உருண்டையும் சாக்லேட்டும் விற்பார்கள், உங்கள் பணத்தை அங்கே செலவு செய்யுங்கள்.

கடைசியாக பராங். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 6 வரை, இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடுவது. நான்கு தந்தி குவாட்ரோ, மராக்காஸ் கிலுக்கை, மாண்டலின், பெட்டி பேஸ் என்று வாத்தியங்கள் கூட வரும். மேடைக் கச்சேரியும் நடக்கும், ஆனால் வீட்டில் கேட்பதுதான் பராங். அதற்கு டிக்கெட் கிடையாது, யாராவது கூப்பிட வேண்டும். நீங்கள் இரண்டு நாள் ஊரில் நடந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லியிருந்தால் கூப்பிடுவார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கேக் அல்லது பழம் போதும். முதலில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று திறக்கச் சொல்லிப் பாடுவார்கள், அப்போது முன்னால் போய் நிற்காமல் பின்வரிசையில் நில்லுங்கள். கதவு திறந்ததும் உள்ளே போய், குழந்தை யேசு பிறந்த கதை பாடுவார்கள். ஸ்பானிஷ் சரளமாகப் பேசத் தெரியாதவர்கள்கூட அப்பா, தாத்தா பாடிக் கேட்டதை வார்த்தை பிசகாமல் பாடுவார்கள். பாட்டு நடக்கும்போது வெளிச்சம் அடித்துப் படம் எடுக்காதீர்கள், கை தட்டலாம், ஆடலாம். பிறகு சாப்பாடு வரும், தட்டில் வைத்ததை மறுக்க வேண்டாம், முடியாவிட்டால் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி விடைபெறும் பாட்டை எடுப்பார்கள், 'தெஸ்பெதீதா' என்று பேர். அது தொடங்கியதும் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நடக்கும், இருட்டில் சாலை சறுக்கும், டார்ச் கையில் இருக்கட்டும்.